நோயாளியைக் காணாத வைத்தியர்

ஸ்கொத்லாந்து தேசத்திலே ஹமில்ற்றன் என்னுஞ் சிற்றூரில் 1710 ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் கல்லனின் பெயரை இன்று வைத்திய மாணவருட் பலரும் அறியார். தம் காலத்தில் அவர் ஐரோப்பா எங்கணும் புகழ் பரந்த ஆசிரியர். அவருடைய சரித்திரத்தில் என் மனம் படிந்தமைக்குக் காரணம் அவருடைய பாடநூல்கள் அல்ல. அவர் எழுதிய கடிதங்களே.

இளமையை விரைவிற் சொல்லிவிடலாம். கிளாஸ்கோவில் ஒரு சத்திரவைத்தியரிடந் தொழில் பயின்று, 1729 இல் கப்பல் வைத்தியராய் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்டு, சொந்த ஊரிலே தொழில் நடத்தினார். 1751 இல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியரானார். 1755 இல் இரசாயனங் கற்பிக்க எடின்பரோ அவரை அழைத்துக்கொண்டது. இலத்தீனே வித்துவத்தின் அடையாளமாயிருந்த அந்நாளில், மாணவருக்கு விளங்கும் ஆங்கிலத்தில் அவர் விரிவுரை நிகழ்த்தினார். அதனை நான் பெருந்துணிவென்றே மதிக்கின்றேன். நியூரோசிஸ் என்னுஞ் சொல்லும் அவர் ஆக்கியதே.

தூரத்து ஊர்களிலிருந்து நோயாளரும் அவர்தம் வைத்தியருங் கடிதமூலம் அவரிடம் ஆலோசனை கேட்டனர். முகத்தையுங் காணாது வைத்தியஞ் செய்வது எங்ஙனம் என வாசகர் வினவலாம். நெஞ்சொலி கேட்குங் குழாய் பாரிசில் உருவானது 1816 இலேதான். உடலைத் தொட்டுச் சோதிக்கும் வழக்கமும் அக்காலத்தில் மிகக் குறைவு. நோயாளி தன் நோயை எவ்வாறு விவரிக்கின்றான் என்பதே முதன்மையான சான்று. ஆகவே, நாடித்துடிப்பு, நாவின் நிறம், பசி, உறக்கம், மலசலப்போக்கு ஆகியவற்றை ஊர் வைத்தியர் செவ்வையாய் எழுதியனுப்பின், அது நேரிற் காண்பதினும் அதிகங் குறைந்ததன்று. கல்லனின் மறுமொழிகளில் மருந்தினும் பார்க்க வாழ்க்கை ஒழுங்கே பெரிதாய் நிற்கும். இன்ன உணவு உண்க, நாள்தோறுங் குதிரைச்சவாரி செய்க, கம்பளி உள்ளாடை அணிக என்றெல்லாம் ஒரு பாட்டனார் போல எழுதுவார். 1781 முதல் அவர் யேம்ஸ் வாற் ஆக்கிய பிரதிப் பொறியைப் பயன்படுத்தினார். ஈரமாக்கிய மெல்லிய தாளை எழுதிய கடிதத்தின்மேல் அழுத்த, மை அதிற் பதியும். தாளின் மறுபுறத்தால் வாசிக்கலாம். வந்தவையும் போனவையுமாய் ஆயிரக்கணக்கான கடிதங்கள் இன்று எடின்பரோ அரச வைத்தியர் கல்லூரியில் உள்ளன.

அவற்றுள் அகராதி தந்த சாமுவேல் ஜோன்சனைப் பற்றிய விடயம் என்னைப் பெரிதும் வருத்தியது. இருவரும் முன்னரே அறிமுகமானவர்கள். 1773 ஆகஸ்டில் எடின்பரோ வந்த ஜோன்சனுடன், பொஸ்வெல்லின் இல்லத்தில் இராப்போசனம் உண்ட கல்லன், உறக்கத்தில் நடப்போரைப் பற்றிச் சுவையாகப் பேசினார். பத்தாண்டு கழிந்து, 1783 ஜூனில் ஜோன்சனைப் பாரிசவாதந் தாக்கிப் பேச்சை நிறுத்தியது. பேச்சு மீண்டதாயினும், தொய்வும் நீர்வீக்கமும் அடுத்த குளிர்காலத்தில் அவரை வீட்டினுள்ளே சிறைவைத்தன. 1784 பெப்ரவரியில் எதிர்பாராத வகையில் இருபது பைந்து நீர் கழிந்து சற்று ஆறுதலுண்டாயிற்று. ஆனால் நீர் மீளச் சேராதென்பதற்கு உறுதி ஏது? இலண்டனில் ஹெபர்டன், புறொக்கிள்ஸ்பி ஆகிய சிறந்த வைத்தியர் இருவர் கட்டணமின்றியே அவரைப் பார்த்துவந்தனர். எனினும் பொஸ்வெல்லின் மனம் அமையவில்லை. மார்ச் மாதத்தில் நோயின் விவரத்தைக் கல்லனுக்கும், மொன்றோ, ஹோப் என்னும் பேராசிரியர்களுக்கும் எழுதினார். மூவரும் மரியாதையோடு மறுமொழி தந்தனர். அகராதியை அன்றாடம் புரட்டும் ஹோப், அக்கடனைத் தீர்க்கக் கிடைத்த வாய்ப்பாகவே அதனைக் கருதினார். ஜோன்சனுக்கு ஏதேனும் உதவுவதே தமக்குப் பேரின்பம் எனக் கல்லன் எழுதினார். எழுபத்து மூன்று வயதினர், எழுபத்து நான்கு வயதுடைய மற்றொருவருக்காக எழுதிய கடிதம் அது!

அன்பு இருந்தது, அறிவும் இருந்தது. எனினும் நீர் மீண்டுஞ் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜோன்சன் பர்மிங்ஹாம் வழியாக இலண்டன் திரும்பினார். அதே பர்மிங்ஹாமில் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர் டிஜிற்றாலிஸ் பூண்டினால் நீர்வீக்கத்தைத் தீர்க்கும் முறையைப் பல்லாண்டாய் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய நூல் வெளிவந்தது 1785 இல். அம்மருந்து ஜோன்சனைக் காத்திருக்குமென்று நான் சொல்லத் துணியேன். ஆயினும் இவ்விடத்தைப் படிக்குந்தோறும் மனம் பொறுப்பதில்லை. பிழைப்பேனோ என்று புறொக்கிள்ஸ்பியிடம் ஒளிவின்றிக் கேட்டு, அற்புதமின்றேல் இல்லை என்ற விடையைப் பெற்றபின், தெளிந்த அறிவோடு இறைவனைச் சேர விரும்பி அபினையும் மறுத்தார் ஜோன்சன். டிசம்பர் 13 ஆம் நாள் காலமானார்.

கல்லன் மேலும் ஐந்தாண்டு கற்பித்தார்; கடிதமும் எழுதினார். 1789 இன் இறுதியிற் பதவி துறந்து, 1790 பெப்ரவரி 5 ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் அவருடைய மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஹானிமன், சிங்கோனாப் பட்டை பற்றிக் கல்லன் கூறிய விளக்கத்தை ஒப்பாது, அப்பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். ஹோமியோபதி பிறந்தது அங்கேதான்.