மகனுக்காகக் கடல் கடந்த தாய்
மோனிகா அம்மையாரின் வாழ்க்கை

முன்கோபக்காரக் கணவன். குறை சொல்லும் மாமியார். சொன்ன பேச்சைக் கேளாத மகன். இந்த மூன்றும் ஒரே வீட்டில் அமைந்துவிட்டால் ஒரு பெண் என்ன செய்வாள்?

தியாகதுருகத்தில் கோட்டை மலையின் நிழலில் வாழும் தாய்க்கும் இந்தக் கவலை உண்டு. கள்ளக்குறிச்சிக் கடைத் தெருவில் காய்கறி வாங்கும் தாய்க்கும் உண்டு. கல்வராயன் மலையில் சாமை விதைக்கும் தாய்க்கும் உண்டு.

சுமார் 1,650 ஆண்டுகளுக்கு முன்பு, கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காக் கண்டத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கும் இதே கவலை இருந்தது. அவர்தான் மோனிகா அம்மையார்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், எறையூர் போன்ற ஊர்களில், கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் பெண் குழந்தைக்கு மோனிகா என்று பெயர் வைப்பது உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை இது.

பாட்டியின் கண்டிப்பு

மோனிகா பிறந்தது கி.பி. 331-ம் ஆண்டு வாக்கில். ஊரின் பெயர் தகாஸ்தே. இன்று அது அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்ற பெயருடன் இருக்கிறது. அந்நாளில் அந்தப் பகுதி ரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்தது.

பெற்றோர் கிறிஸ்தவர்கள். அந்த வீட்டில் ஒரு கிழ வேலைக்காரி இருந்தாள். மோனிகாவின் தந்தையைக் குழந்தைப் பருவத்தில் முதுகில் தூக்கி வளர்த்தவள் அவள். வீட்டுப் பெண் குழந்தைகளைக் கண்டிப்பாக வளர்த்தாள். சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் விடமாட்டாள். இப்போது தண்ணீர் கையில் கிடைக்கிறது, நாளைக்குக் கல்யாணமாகிச் சாவிக்கொத்து கைக்கு வந்தால் திராட்சை மது கிடைக்கும், கண்ட நேரத்தில் குடிக்கும் பழக்கம் அப்போதும் விடாது என்பது அவள் எண்ணம்.

இவ்வளவு கண்டிப்பு இருந்தும் மோனிகா தவறினார். பீப்பாயிலிருந்து மது எடுத்து வரச் சொன்னால், முதலில் உதட்டை மட்டும் நனைத்துப் பார்ப்பார். இன்று ஒரு சொட்டு, நாளை ஒரு வாய் என்று வளர்ந்து, கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கூடப்போகும் வேலைக்காரப் பெண் ஒரு நாள் சண்டையில் அவரைக் குடிகாரி என்று திட்டிவிட்டாள். அந்த ஒரு சொல் மோனிகாவைச் சுட்டது. தம் குற்றத்தை உணர்ந்தார். அன்றே விட்டார்.

பிற்காலத்தில் தம் பிள்ளையிடம் இந்தக் கதையை அவரே ஒளிக்காமல் சொன்னார். தம் தவற்றைப் பிள்ளையிடம் சொல்லும் துணிவு எத்தனை பெற்றோருக்கு வரும்?

புகுந்த வீடு

வயது வந்ததும் பத்ரீசியஸ் என்பவருக்கு மோனிகாவை மணம் செய்து கொடுத்தார்கள். அவர் அந்த ஊர் நகர சபை உறுப்பினர். கொஞ்சம் நிலபுலம் இருந்தது. கிறிஸ்தவர் அல்ல. ரோமர்களின் பழைய தெய்வங்களை வணங்கியவர். நல்ல மனம்தான், ஆனால் கோபம் வந்தால் தலைகால் தெரியாது. மனைவிக்கு உண்மையாக நடக்கவும் இல்லை.

மோனிகா என்ன செய்தார்? கணவர் கொதித்து நிற்கும் நேரத்தில் அவருக்கு எதிராகச் செய்கையிலும் காட்டமாட்டார், சொல்லிலும் காட்டமாட்டார். கோபம் தணிந்து, மனம் குளிர்ந்த பிறகு அருகில் உட்கார்ந்து, நடந்தது இது, நான் செய்ததற்குக் காரணம் இது என்று எடுத்துச் சொல்வார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதில்லை. சொல்லும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான்.

பத்ரீசியஸ் ஒரு நாளும் அவர் மேல் கை வைக்கவில்லை. அந்த ஊரில் பல பெண்கள் கணவனிடம் அடிபட்டு, முகத்தில் தழும்போடு வருவார்கள். இவ்வளவு கோபக்காரரிடம் நீ மட்டும் எப்படி அடிபடாமல் இருக்கிறாய் என்று அவர்கள் வியந்து கேட்பார்கள். மோனிகா தம் வழியைச் சொல்லிக் கொடுப்பார். வாயை அடக்குங்கள் என்று அவர்களையே கண்டிப்பதும் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிபட்டவள் வாயை அடக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து எண்ணம். அடிப்பவனுடைய குற்றம் அடிபடுபவளுடைய வாயால் வருவதில்லை. இன்று பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காக்க 2005-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் உதவி கிடைக்கும். பொறுமை வேறு, கொடுமைக்கு உடன்படுவது வேறு.

மாமியாரும் வேலைக்காரிகளும்

வேலைக்காரிகள் சிலர் இல்லாததும் பொல்லாததும் சொல்லி மாமியாரின் மனத்தைக் கெடுத்தார்கள். மருமகள் மேல் மாமியாருக்கு வெறுப்பு வந்தது. மோனிகா பதிலுக்குக் கோள் சொல்லவில்லை. மரியாதையோடும் பொறுமையோடும் நடந்து வந்தார். கொஞ்ச காலத்தில் மாமியாருக்கே உண்மை விளங்கிவிட்டது. கோள் சொன்னவர்கள் இன்னார் என்று அவரே மகனிடம் சொன்னார். அதன் பிறகு மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்.

இன்னொரு நல்ல குணமும் மோனிகாவிடம் இருந்தது. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பெண்களும் தனித்தனியே வந்து அவரிடம் கொட்டித் தீர்ப்பார்கள். இவள் சொன்னதை அவளிடம் சொல்லமாட்டார். அவள் சொன்னதை இவளிடம் சொல்லமாட்டார். இருவரையும் சேர்த்து வைக்க உதவும் சொல் ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுத்துச் சொல்வார்.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு தெருவில் இப்படி ஒரு பெண் இருந்தால் அந்தத் தெருவில் பாதிச் சண்டை குறைந்துவிடும் அல்லவா?

ஆண்டுகள் சென்றன. பத்ரீசியஸ் மனம் மாறினார். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். 371-ம் ஆண்டு வாக்கில் காலமானார்.

பெரும் கவலை

மோனிகாவுக்குக் குறைந்தது மூன்று பிள்ளைகள். நவீஜியஸ் என்று ஒரு மகன். ஒரு மகள். இன்னொரு மகன்தான் 354-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி பிறந்த அகஸ்டின்.

அகஸ்டின் மிகக் கெட்டிக்காரர். படிப்பு நன்றாக வந்தது. குடும்பத்தில் பணம் போதாது. இருந்தாலும் தந்தை செலவை இழுத்துப் பிடித்துச் சேர்த்தார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரும் உதவினார். அகஸ்டின் கார்த்தேஜ் என்ற பெரிய பட்டணத்துக்குப் படிக்கப் போனார்.

அங்கே படிப்பும் வளர்ந்தது, கெட்ட சகவாசமும் வளர்ந்தது. கல்யாணம் ஆகாமலே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தினார். ஆண் குழந்தை பிறந்தது. கடவுள் கொடுத்தவன் என்று பொருள்படும் அதேயோதாதஸ் என்ற பெயரை வைத்தார்கள்.

மேலும், மானி என்ற பாரசீகரைக் குருவாகக் கொண்ட மதத்தில் சேர்ந்தார். நன்மைக்கு ஒரு சக்தி, தீமைக்கு ஒரு சக்தி, இரண்டும் எந்நாளும் போராடுகின்றன என்பது அந்த மதத்தின் கொள்கை. தாய் சொல்லிக் கொடுத்த நம்பிக்கையை விட்டு மகன் விலகினார்.

பொறுமைசாலியான மோனிகா இந்த இடத்தில் கண்டிப்பானார். அகஸ்டின் ஊருக்குத் திரும்பி வந்தபோது, தம்மோடு ஒரே மேஜையில் சாப்பிட அவரைச் சேர்க்க மறுத்துவிட்டார்.

அப்போது அவருக்கு ஒரு கனவு வந்தது. ஒரு மர அளவுகோலின் மேல் தாம் அழுதபடி நிற்பதாகவும், ஒளி வீசும் இளைஞர் ஒருவர் வந்து, நீ இருக்கும் இடத்திலேதான் உன் மகனும் இருக்கிறான், பார் என்று சொன்னதாகவும் கண்டார். திரும்பிப் பார்த்தால், பக்கத்திலேயே மகன் நின்றாராம்.

கனவைக் கேட்ட அகஸ்டின் சாமர்த்தியமாகப் பொருள் சொன்னார்: அப்படியானால் அம்மாவும் ஒரு நாள் என் மதத்துக்கு வந்துவிடுவார்! மோனிகா ஒரு நொடியும் தயங்கவில்லை. அவன் இருக்கும் இடத்தில் நீ என்று எனக்குச் சொல்லவில்லை, நீ இருக்கும் இடத்தில் அவன் என்றுதான் சொன்னார்கள் என்று பதில் சொன்னார். அகஸ்டின் வாயடைத்துப் போனார். மகனை மறுபடியும் வீட்டில் சேர்த்துக்கொண்டார் தாய்.

ஒரு பிஷப்பிடம் போய், என் மகனோடு பேசித் திருத்துங்கள் என்று மோனிகா மன்றாடினார். இப்போது பேசிப் பயனில்லை, அவனே படித்துத் தெரிந்துகொள்வான் என்றார் அவர். மோனிகா விடவில்லை. அழுதார். இத்தனை கண்ணீருக்குச் சொந்தமான பிள்ளை கெட்டுப்போகமாட்டான், போய் வா அம்மா என்று பிஷப் அனுப்பி வைத்தார்.

ஏமாற்றிவிட்டுப் போன மகன்

383-ம் ஆண்டு. அகஸ்டின் ரோமாபுரிக்குப் புறப்பட்டார். தாய் துறைமுகம் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நண்பரை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொன்னார் மகன். அருகிலிருந்த ஆலயத்தில் தாய் இரவெல்லாம் ஜெபம் செய்தார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது!

மோனிகா கதறினார். ஆனால் கதறியதோடு நிற்கவில்லை. பிற்பாடு மகனைத் தேடிக் கப்பல் ஏறினார். வழியில் புயல். பயணிகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய மாலுமிகளுக்கு இவர் தைரியம் சொன்னார். மகன் இத்தாலியில் மிலான் நகரத்தில் ஆசிரியராக இருப்பதை அறிந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

மிலானில் அம்புரோஸ் என்ற பிஷப் இருந்தார். ஊர் வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைக்கு ரொட்டியும் மதுவும் கொண்டுபோனார் மோனிகா. இங்கே அது கூடாது என்று வாயில் காவலர் தடுத்தார். அது அம்புரோஸின் உத்தரவு என்று தெரிந்ததும் மறுபேச்சின்றி விட்டுவிட்டார். அந்த அம்புரோஸின் பிரசங்கம்தான் அகஸ்டினின் மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது.

தாயும் தவறியது உண்டு

மோனிகா குறையே இல்லாதவர் என்று எழுதினால் அது உண்மையாகாது. மகன் இளைஞனாக இருந்தபோது, கல்யாணம் செய்து வைத்தால் படிப்பு கெடும் என்று அதைத் தள்ளிப்போட்டார். மிலானில், நல்ல குடும்பத்துச் சம்பந்தம் தேடினார். கல்யாண வயதுக்கு இன்னும் இரண்டு ஆண்டு குறைந்த ஒரு சிறுமியை நிச்சயம் செய்தார்கள். பல ஆண்டுகள் மகனோடு வாழ்ந்த அந்தப் பெண், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, தனியாக ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவள் பெயர்கூட வரலாற்றில் இல்லை. நிச்சயித்த கல்யாணமும் நடக்கவில்லை.

மகனின் பதவியையும் அந்தஸ்தையும் எண்ணிக் கணக்குப் போடும் ஆசை, நல்ல தாயையும் தடுமாற வைக்கும். இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணீரின் பலன்

386-ம் ஆண்டு. ஒரு வீட்டுத் தோட்டத்தில், வேதப் புத்தகத்தை எடுத்துப் படித்த அகஸ்டினின் மனம் அடியோடு மாறியது. உடனே உள்ளே ஓடித் தாயிடம்தான் சொன்னார்.

பிறகு நண்பர்களோடு கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினார்கள். எல்லாரையும் தம் பிள்ளைகள் போல மோனிகா கவனித்துக்கொண்டார். மனிதனுக்கு இன்பம் எது என்று படித்தவர்கள் விவாதம் செய்தபோது, இவரும் உட்கார்ந்து பேசினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத தாயின் அறிவைக் கண்டு மகன் வியந்தார்.

387-ம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் அகஸ்டினும், அவர் மகன் அதேயோதாதஸும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் ஆஸ்தியா துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். அங்கே மோனிகாவுக்குக் காய்ச்சல் கண்டது.

சொந்த ஊரில் கணவரின் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று அதுவரை ஆசைப்பட்டவர், இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஜெபத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று சொல்லிவிட்டார். நோய் கண்ட ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. வயது 56.

அகஸ்டின் பிற்காலத்தில் ஹிப்போ நகரத்தின் பிஷப் ஆனார். உலகம் போற்றும் ஞானி ஆனார். தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். தாயைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அந்த நூலில் இருந்துதான்.

1945-ம் ஆண்டு ஆஸ்தியாவில் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள், உடைந்த சலவைக்கல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அது மோனிகாவின் கல்லறைக் கல்லின் ஒரு துண்டு! அவருடைய எலும்புகள் 1430-ம் ஆண்டிலேயே ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டன. ஆகஸ்டு 27-ந் தேதி அவருடைய திருநாள். மறுநாள், 28-ந் தேதி, மகன் அகஸ்டினின் திருநாள். நாட்காட்டியிலும் தாயின் பக்கத்திலேயே மகன் நிற்கிறார்.

மோனிகா அரசாளவில்லை. புத்தகம் எழுதவில்லை. கோபத்தில் பேச்சை அடக்கினார். கோபம் தணிந்ததும் பேசினார். கோளைத் தம்மோடு நிறுத்தினார். தவறியபோது திருந்தினார். பிள்ளையைக் கண்டித்தார், ஆனால் கைவிடவில்லை. இவை எல்லாம் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் நடக்கிற காரியங்கள்தானே?

இன்று மாலை வீட்டில் ஒரு சொல் எழும்பும்போது, சற்றுப் பொறுத்து, நேரம் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். ஆண்களுக்கும் இது பொருந்தும்.