குஸ்டாவ் ரெட்சியஸ்

குஸ்டாவ் ரெட்சியஸ் (அக்டோபர் 17, 1842 – ஜூலை 21, 1919) சுவீடன் நாட்டைச் சேர்ந்த உடற்கூற்றியலாளரும் இழையவியலாளரும் ஆவார். மூளை, உட்செவி ஆகியவற்றின் நுண்ணமைப்பை ஆராய்ந்தவர். பறவைகள் உள்ளிட்ட பல விலங்குகளின் விந்தணு வடிவங்களை வரைந்து ஒப்பிட்ட முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஸ்டாக்ஹோமில் பிறந்த இவரின் தந்தை ஆண்டர்ஸ் ரெட்சியஸும் உடற்கூற்றியலாளரே. 1871 இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1877 இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இழையவியல் பேராசிரியரானார். 1876 இல், பெண்கள் உரிமைக்காக உழைத்த அன்னா ஹியெர்டாவை மணந்தார். அன்னாவின் தந்தை நிறுவிய அஃப்டன்பிளாடெட் நாளிதழுக்கு 1884 முதல் 1887 வரை ஆசிரியராக இருந்தார். 1890 இல் பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார். குடும்பச் செல்வம் இருந்தமையால், எஞ்சிய காலத்தைத் தம் ஆய்வுகளுக்கே செலவிட முடிந்தது.

விந்தணு ஆய்வுகள்

எதிர்மின்னி நுண்ணோக்கி இல்லாத அக்காலத்தில், ஒளி நுண்ணோக்கியில் கண்டவற்றை இவர் நுட்பமாக வரைந்து பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். நீரில் கருக்கட்டும் தொலைவான பல விலங்குக் குழுக்களில் உருண்டைத் தலையும் நீண்ட வாலும் கொண்ட எளிய விந்தணு காணப்படுவதால், அதுவே தொன்மையான வடிவம் எனக் கருதினார்.

கோழி முதலிய பறவைகளின் விந்தணு மெலிந்து எளிய வடிவில் இருக்கும். பாடும் பறவைகளின் விந்தணுத் தலையோ திருகாணி போல் முறுக்குண்டது. அது சுழன்றபடியே முன்னேறுகிறது. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியில் காணத்தக்க மைனா, கொண்டைக்குருவி, கரிச்சான் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இவ்வேறுபாட்டிற்கான ஒரு விளக்கம் பிற்காலத்தில் கிடைத்தது. ஒரு பெண் பறவை பல ஆண்களுடன் கூடும்போது அவற்றின் விந்தணுக்கள் போட்டியிடுகின்றன என்னும் கருத்து, 1970 இல் ஜெஃப்ரி பார்க்கர் பூச்சிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததாகும். போட்டி குறைவு எனக் கருதப்படும் யூரேசிய புல்ஃபின்ச் பறவையின் விந்தணு, பாடும் பறவைக்குரிய முறுக்கை இழந்து உருண்டைத் தலையுடன் இருப்பது குறிப்பிடத்தக்கது.

விமர்சனம்

மண்டையோட்டை அளந்து மனிதரை இனங்களாகப் பிரிக்கும் ஆய்விலும் இவர் ஈடுபட்டார். அத்தகைய இனப்பாகுபாடு இன்று அறிவியலால் நிராகரிக்கப்பட்டுள்ளது. 1873 இல் பின்லாந்தின் கல்லறைகளிலிருந்து இவரது குழு எடுத்துச் சென்ற மண்டையோடுகள், 2024 இல் அந்நாட்டுக்குத் திருப்பி அளிக்கப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.