மொழிபெயர்த்த துறவி குமாரஜீவர்

கங்கைச் சமவெளியில் தோன்றிய பௌத்த சமயம் இன்று சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் வேரூன்றி நிற்கின்றது. கங்கைக் கரைக்கும் அந்நாடுகளுக்கும் இடையே பாமீர் மலைகளும் தக்ளமக்கான் என்னும் பெரும் பாலைவனமும் குறுக்கிட்டுக் கிடக்கின்றன. பட்டும் மணியும் ஏற்றிச் சென்ற வணிகர்களின் ஒட்டகக் கூட்டங்கள் அப்பாலையின் ஓரமாகவே ஊர்ந்து சென்றன. மலைப்பனி உருகி ஓடிய ஆறுகளின் கரையில் சோலை நகரங்கள் சில செழித்திருந்தன. வணிகர்கள் தங்கிய அந்நகரங்களில் துறவியரும் தங்கினர். வடக்கு விளிம்பில் இருந்த கூச்சா அவற்றுள் ஒன்று.

இந்தியாவில் வழிவழியாக அமைச்சுத் தொழில் புரிந்த குடும்பத்தில் பிறந்த குமாராயணர், தமக்கு உரிய பதவியைத் துறந்து, பாமீர் மலைகளைக் கடந்து கூச்சாவை அடைந்தார். அந்நாட்டு மன்னன் அவரை வரவேற்று அரசகுருவாக அமர்த்தினான். மன்னனின் தங்கை ஜீவா அவரை விரும்பி மணந்தாள். கி.பி. 344-ஆம் ஆண்டளவில் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் இணைத்து அக்குழந்தைக்குக் குமாரஜீவர் என்று பெயரிட்டனர். தந்தையின் நாட்டு நூல்மொழியாகிய சமஸ்கிருதமும், தாயின் ஊர் மொழியும் அவருக்கு இளமையிலேயே வாய்த்தன. அவருடைய புகழுக்குக் காரணமான மூன்றாவது மொழியை அவர் கற்றது, பல்லாண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், விரும்பாத நிலையில் ஆகும்.

தாய் ஜீவா உறுதி மிக்கவர். துறவு பூண வேண்டும் என்னும் விருப்பத்தைக் கணவர் தடுத்தபோது, உண்ணாதிருந்து அதனை நிறைவேற்றிக்கொண்டார். குமாரஜீவரும் ஏழாம் வயதில் மடத்தில் சேர்ந்தார். ஒன்பதாம் வயதில் தாய் அவரைச் சிந்து ஆற்றைக் கடந்து காஷ்மீரத்துக்கு அழைத்துச் சென்றார். அங்குப் பந்துதத்தர் என்னும் ஆசிரியரிடம் மூன்றாண்டுகள் பழைய பௌத்த நூல்களைப் பயின்றார். திரும்பும் வழியில் காஷ்கர் நகரில் தங்கியபோது, சூரியசோமர் என்னும் அரசகுலத் துறவியிடம் மகாயான நெறியைக் கேட்டார். எல்லாப் பொருளும் தனித்த நிலைபேறு இல்லாத வெறுமையே என்னும் அக்கொள்கை முதலில் அவரைத் திடுக்கிடச் செய்தது. நெடுநாள் ஆராய்ந்தபின் அதனையே தம் நெறியாக ஏற்றார். பின்னாளில் பந்துதத்தர் கூச்சாவுக்கு வந்தபோது, மாணவர் ஒரு திங்களுக்கும் மேலாக விளக்கியுரைத்து, அம்முதிய ஆசிரியரையும் தம் நெறிக்குத் திருப்பினார். ஆசிரியர் தம் பழைய மாணவரை வணங்கி, மகாயானத்தில் நீரே எனக்கு ஆசிரியர் என்று கூறினாராம். அவ்வாறு சொல்லும் நெஞ்சம் எல்லா ஆசிரியருக்கும் வாய்ப்பதன்று.

ஜீவா தம் இறுதிக் காலத்தை இந்தியாவில் கழிக்கப் புறப்பட்டார். விடைபெறும்போது, இவ்வறத்தைக் கீழ்த்திசையிலுள்ள சீனத்தில் பரப்பும் ஆற்றல் மகனுக்கே உண்டு என்றும், ஆயினும் அதனால் அவருக்குத் தம் வாழ்வில் நன்மை ஏதும் விளையாது என்றும் எடுத்துரைத்தார். பிறருக்குப் பயன் விளையுமாயின் தாம் உலைக்களத்தில் வேகவும் தயங்குவதில்லை என்று மகன் விடையளித்தார். அதன்பின் அவர்கள் சந்தித்ததாகச் செய்தி இல்லை.

குமாரஜீவரின் புகழ் சீனத் தலைநகராகிய சாங்-ஆனை எட்டியது. இன்று அந்நகரம் சியான் எனப்படுகின்றது. வடசீனத்தை ஆண்ட பு ஜியன் என்னும் பேரரசன், மேற்கு நாடுகளை வெல்லத் தன் தளபதி லூ குவாங்கைப் பெரும்படையுடன் அனுப்பினான். கூச்சாவிலுள்ள அறிஞரைத் தன்னிடம் விரைந்து அனுப்புமாறும் கட்டளையிட்டான். 384-ஆம் ஆண்டில் கூச்சா வீழ்ந்தது. ஓர் ஆசிரியரைப் பெறும் விருப்பமும் ஒரு நகரின் அழிவும் இவ்வாறு ஒரே படையெடுப்பில் பின்னிக் கிடந்தன.

லூ குவாங் அறத்தின் அருமை அறியாதவன். சிறைப்பட்ட துறவியின் அறிவு அவனுக்குப் புலப்படவில்லை. அவருடைய இளமைத் தோற்றமே கண்ணில் பட்டது. கூச்சா மன்னனின் மகளை மணந்துகொள்ளுமாறு அவரை வற்புறுத்தினான். அவர் மறுத்தும் விடவில்லை. மதுவை அருந்தச் செய்து அவருடைய நோன்பைக் குலைத்தான். காளையின்மீதும் முரட்டுக் குதிரையின்மீதும் ஏற்றி, அவர் கீழே விழுவதைக் கண்டு நகைத்தான். குமாரஜீவர் முகம் சுளிக்காமல் அனைத்தையும் பொறுத்தார். அதனால் தளபதியே நாணி அவ்விளையாட்டை நிறுத்தினான்.

படை திரும்பும் வழியிலேயே பு ஜியன் கொல்லப்பட்டான். லூ குவாங் சாங்-ஆனுக்குச் செல்லாமல் லியாங்ஜோ என்னும் எல்லைப்புற நகரில் தங்கித் தனியரசு அமைத்துக்கொண்டான். ஏறத்தாழ 17 ஆண்டுகள் குமாரஜீவர் அங்கே முடங்கிக் கிடந்தார். அவ்வரசர்கள் நாள்பார்க்கவும் நிமித்தம் கேட்கவும் மட்டுமே அவரைப் பயன்படுத்தினர். அவர் கற்ற நூல்களைக் கேட்க அவையில் ஆளில்லை. ஆனால் அவரைச் சுற்றிலும் சீன மொழி ஒலித்தது. அதனை அவர் செவ்வையாகக் கற்றார். செங்ஜாவ் என்னும் இளைஞர் அவரைத் தேடி அந்நகருக்கே வந்து மாணவரானார். வீணாகக் கழிந்தனவாகத் தோன்றிய அவ்வாண்டுகளே பின்னர் அவர் செய்த பணிக்கு அடிப்படையாயின.

யாவ் சிங் என்னும் மன்னன் லியாங்ஜோவை வென்று, சீனக் கணக்கில் 401-ஆம் ஆண்டின் இறுதியில் குமாரஜீவரைச் சாங்-ஆனுக்கு வரவழைத்தான். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். மன்னன் அவருக்கு ஒரு பூங்காவில் இடம் ஒதுக்கினான். நூற்றுக்கணக்கான சீனத் துறவியரை உடன் அமர்த்தினான்.

பௌத்தம் சீனத்துக்கு வந்து அதற்குள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நூல்கள் பல மொழிபெயர்க்கப்பட்டும் இருந்தன. எனினும் அவை மயக்கம் தந்தன. புதிய கருத்துகளுக்குச் சொற்கள் இல்லாமையால், முன்னோர் தாவோ நெறியின் சொற்களை எடுத்தாண்டிருந்தனர். நிர்வாணம் என்பதற்குச் செயலின்மையைக் குறிக்கும் தாவோச் சொல் வழங்கியது. வெறுமை என்னும் கருத்தோ, உலகம் தோன்றுவதற்கு முன் இருந்த இன்மை என்று கொள்ளப்பட்டது. வெறுமை வேறு, இன்மை வேறு. குடத்தினுள் இடம் இருப்பது வெறுமை; குடமே இல்லாமற்போவது இன்மை. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கத் தகுந்தவர் இரு மொழிகளையும் உள்ளிருந்து அறிந்த ஒருவரே.

அவருடைய மொழிபெயர்ப்பு ஓர் அவையின் நடுவே நிகழ்ந்தது. அவர் சமஸ்கிருதச் சுவடியைக் கையிலேந்திச் சீன மொழியில் பொருள் கூறுவார். மன்னனும் சில நாள்களில் வந்து, பழைய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்து ஒப்புநோக்குவான். துறவியர் ஐயங்களை எழுப்புவர். விவாதம் முடிந்தபின்னரே எழுத்தர் எழுதுவர். ஒருமுறை பழைய மொழிபெயர்ப்பில் ஒரு தொடர், பொருளில் சரியாயிருந்தும் ஓசையில் கரடுமுரடாய் இருப்பதாக அவர் குறைபட்டார். செங்ருய் என்னும் மாணவர் உடனே வேறொரு தொடரை அமைத்துச் சொன்னார். ஆசிரியர் மகிழ்ந்து அதனையே ஏற்றார். ஆயினும், தம் பணியின் எல்லையை அவர் அறிந்தே இருந்தார். மூலத்தின் இன்னோசை மொழிபெயர்ப்பில் மறைந்துபோகின்றது என்றும், அது பிறர் மென்று கொடுத்த சோற்றை உண்பது போன்றது என்றும் செங்ருய்யிடம் வருந்தினார்.

சாங்-ஆனிலும் அவருக்கு முழு விடுதலை இல்லை. இத்தகைய அறிஞருக்கு வழித்தோன்றல் இல்லாமற்போகலாகாது என்று எண்ணிய மன்னன், மடத்துக்கு வெளியே குடும்ப வாழ்வை அவர்மீது மீண்டும் சுமத்தினான். இவ்வன்பு லூ குவாங்கின் கொடுமையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. சொற்பொழிவு தொடங்கும்போதெல்லாம் குமாரஜீவர், சேற்றில் முளைத்த தாமரையைப் பறித்துக்கொள்ளுமாறும் சேற்றை விட்டுவிடுமாறும் மாணவரை வேண்டுவார். பிறர் தம் தோளில் ஏற்றிய பழியைத் தம்முடையதாகவே அவர் கருதினார்.

எஞ்சிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் மொழிபெயர்த்தவை முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் என்று பழைய பட்டியல் கூறுகின்றது. தாமரைச் சூத்திரம், வைரச் சூத்திரம், விமலகீர்த்தி சூத்திரம், நாகார்ச்சுனரின் தத்துவ நூல்கள் ஆகியன அவற்றுள் அடங்கும். கி.பி. 413-இல் அவர் மறைந்ததாகப் பலர் கொள்வர். தம் மொழிபெயர்ப்பில் பிழையில்லையெனில், உடல் எரிந்தபின்னும் நா எரியாதிருக்கட்டும் என்று அவர் இறுதியில் சூளுரைத்தார் என்றும், அவ்வாறே நா எஞ்சியது என்றும் கதை வழங்குகின்றது. லியாங்ஜோ இருந்த இடத்தில், இன்றைய வூவெய் நகரில், அதற்கென ஒரு கோபுரம் நிற்கின்றது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின், வரலாற்றுப் பாடத்தில் நாம் அறியும் யுவான் சுவாங் இந்தியாவில் பயின்று திரும்பி, அதே நூல்கள் சிலவற்றை மூலத்துக்கு இன்னும் நெருக்கமாக மொழிபெயர்த்தார். அவலோகிதேசுவரரின் பெயரை முன்னோர் தவறாகப் பெயர்த்தனர் என்றும் சுட்டிக்காட்டினார். அவர் கூறியது இலக்கணப்படி சரியே. ஆனால் உலகத்தாரின் குரலைக் கேட்பவர் என்னும் பொருளில் குமாரஜீவர் வழங்கிய குவான்ஷியின் என்னும் பெயரே மக்கள் நாவில் தங்கியது. வைரச் சூத்திரத்தையும் அவருடைய சொற்களிலேயே அவர்கள் இன்றும் ஓதுகின்றனர்.

அச்சிட்ட நாள் குறிக்கப்பெற்று முழுமையாகக் கிடைத்துள்ள நூல்களுள் உலகிலேயே பழமையானது, துன்ஹுவாங் குகையொன்றில் கண்டெடுக்கப்பட்ட சுருள் ஆகும். 868-ஆம் ஆண்டில் மரப்பலகைகளில் செதுக்கி அச்சிடப்பட்ட அது, இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதிலிருப்பது குமாரஜீவர் மொழிபெயர்த்த வைரச் சூத்திரம். வாங் ஜியே என்பவர் தம் தாய் தந்தையரின் பொருட்டு, யாவருக்கும் விலையின்றி வழங்குவதற்காக அதனை அச்சிடச் செய்ததாக அச்சுருளின் இறுதியில் பொறிக்கப்பட்டுள்ளது.