லெட் செப்பலினின் உயிர் யார்? ஜான் பான்ஹாமின் கதை

ஜிம்மி பேஜின் கிட்டாரா, ஜான் பான்ஹாமின் டிரம்ஸா? லெட் செப்பலின் ரசிகர்களிடம் இன்னும் ஓயாத சண்டை இது.

1948இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த பான்ஹாம், முறையா டிரம்ஸ் கிளாஸ் போனதே இல்லை. பள்ளி முடித்ததும் அப்பாவோடு தச்சு வேலை. 1968இல் குழுவில் சேர்ந்தார். மேடையில் குச்சிகளை ஓரம் வைத்துவிட்டு, வெறும் கையாலேயே வெளுத்து வாங்குவார். 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாடலுக்கு ஒரு பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் வாசித்தார். மைக்குகள் மேலே தொங்கின. அந்த முழக்கத்தைத்தான் பிறகு ஹிப்ஹாப் கலைஞர்கள் சாம்பிள் செய்தார்கள்.

1980 செப்டம்பர் 25, அளவு மீறிய குடியால் தூக்கத்திலேயே உயிர் போனது. வயது 32தான். மற்ற மூவரும் வேறு டிரம்மரைத் தேடவில்லை. டிசம்பரிலேயே குழுவைக் கலைத்துவிட்டார்கள். பேஜே கொடுத்த தீர்ப்புனு இதைச் சொல்லலாம். 2007 லண்டன் கச்சேரிக்காக மூவரும் மீண்டும் கூடியபோது, டிரம்ஸ் வாசித்தது பான்ஹாமின் மகன் ஜேசன்.