கடற்படைத் தலைவர் கட்டாரி

கடல் கடந்து கலஞ் செலுத்திய மரபினர் நாம் என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில், கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போடுவதற்கே நம்மவர் வேண்டப்பட்டனர். அதிகாரிகள் நின்று ஆணையிடும் மேல்தளம் நெடுங்காலம் அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. அந்நிலை மாறிய வரலாற்றோடு பிரிக்க இயலாதவாறு இணைந்தது, வைஸ் அட்மிரல் இராம்தாஸ் கட்டாரி அவர்களின் வாழ்க்கை. இம்மலரில் அப்பெரியாரை நினைவு கூர விழைகின்றோம்.

1911-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் செங்கற்பட்டில் கட்டாரி பிறந்தார். சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரனார் அப்பொழுது சிறையில் வாடிக்கொண்டிருந்தார். கப்பல் ஓட்ட முனைந்ததே குற்றம்போல் கருதப்பட்ட காலம் அது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1922-இல், தமிழ்நாட்டுப் பேரறிஞர் சர் பி. எஸ். சிவசாமி ஐயர் மத்திய சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். இந்திய இளைஞர்களுக்குக் கப்பல் அதிகாரிப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் பயனாக 1927-இல் பம்பாய்த் துறைமுகத்தில் 'டப்ரின்' என்னும் பழைய கப்பல் பயிற்சிக் கூடமாயிற்று. அதில் சேர்ந்த முதல் அணி மாணவருள் ஒருவராகக் கட்டாரி அடியெடுத்து வைத்தார். பயிற்சி முடிவில் வைஸ்ராயின் தங்கப் பதக்கமும் பெற்றார்.

பின்னர்க் கல்கத்தாத் துறைமுகத்தின் ஹூக்ளி ஆற்று அளவைப் பணியில் அமர்ந்தார். மணல்திட்டுகள் ஓயாது இடம் பெயரும் அவ்வாற்றில், ஆழம் அளந்து வழி வகுத்தாலன்றிக் கப்பல்கள் கரை சேரா. பொறுமையும் நுட்பமும் வேண்டும் அப்பணி, பிற்காலத்திற்கு நல்ல அடித்தளமாயிற்று.

1939-இல் உலகப் போர் மூண்டது. கட்டாரி கடற்படையின் தன்னார்வச் சேமப்படையில் சேர்ந்து, நீர்மூழ்கி எதிர்ப்புத் துறையில் தேர்ச்சி பெற்றார். நீருக்குள் ஒலியலையைச் செலுத்தி, மீண்டு வரும் எதிரொலியைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாப் பகைக் கலத்தை அறியும் கலை அது. செவி ஒருகணம் பிழைத்தாலும் பல உயிர்கள் கடலில் மாயும். அட்லாண்டிக் மாகடலிலும் இந்து மாகடலிலும் அவர் போர்ப்பணி ஆற்றினார். அந்நியர் கொடியின் கீழ்ச் செய்த பணியே எனினும், அங்குக் கற்ற கலை பின்னர் விடுதலை பெற்ற நாட்டிற்கே உரியதாயிற்று.

1947-இல் விடுதலை வந்தது. தரைப்படைக்கு 1949-இலும் விமானப்படைக்கு 1954-இலும் இந்தியத் தலைவர் வாய்த்தனர். கடற்படைக்கோ அவ்வாறு அமையவில்லை. இந்தியர் மிகப் பிந்தியே அதிகாரிகளாக ஏற்கப்பட்டமையால், உயர்பதவிக்குரிய அனுபவ முதிர்ச்சி எய்தியோர் இலர். ஆங்கிலத் தளபதிகளே தொடர்ந்து தலைமை தாங்கினர். நம்மவரால் இயலுமா என்ற ஐயத்திற்கு விடையளிக்கும் பொறுப்பு, கட்டாரி போன்ற சிலர் தோள்மீதே இருந்தது. 1956 அக்டோபர் 2-ஆம் நாள் இந்தியக் கப்பல் அணியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். 1958 ஏப்ரல் 22-ஆம் நாள் கடற்படை முழுவதற்கும் தலைவரானார். ஐயம் அன்றோடு அகன்றது.

அவர் தலைமையிலேயே, 1961 மார்ச் 4-ஆம் நாள், விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' பெல்பாஸ்டு நகரில் நம் படையில் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கோவா விடுதலைக்கான நடவடிக்கையில் கடற்படையும் பங்கு கொண்டது. அஞ்சதீவுத் தீவைக் கைப்பற்றும் முயற்சியில் நம் மாலுமிகள் எழுவர் உயிர் நீத்தனர். வெற்றிக் களிப்பில் அவர்களை மறத்தல் நமக்குத் தகாது.

1962-இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திலர். ஆந்திரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவராகவும், பின்னர்ப் பர்மாவில் இந்தியத் தூதராகவும் தொண்டாற்றினார். 1982-இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் மறைந்தார்.

கொச்சியில் கடற்படைக் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு ஒன்று 'கட்டாரி பாக்' என அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. கடல்மேற் சென்றோரின் வரவை எதிர்நோக்கி மனைவியரும் மக்களும் வாழும் இடம் அது. சிலையினும் சிறந்த நினைவுச் சின்னம் அதுவே என்போம். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, உழைப்பால் உயர விரும்பும் நம் இளைஞர்கள், செங்கற்பட்டில் பிறந்த அம்மாலுமியின் வாழ்வைத் தம் நெஞ்சில் நிறுத்துவார்களாக.