கணினிக்குச் சொற்களைக் கற்பித்தவர்

நிரல் எழுதும் மாணவர் ஒருவர், சம்பளம் என்பது ஓர் எண் என்று கணினிக்கு முதலில் அறிவித்துவிட்டால் போதும். அந்த எண் கணினியின் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால், தொடக்கக் காலத்தில் நிலைமை அப்படி இல்லை. நிரலாளரே ஒவ்வோர் இடத்தையும் எண்களால் குறிப்பிட வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் கணினியிடமே ஒப்படைக்க வழி கண்ட முன்னோடிகளுள் ஒருவர் கிரேஸ் ஹாப்பர்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று அறிய, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப்போட்டார். தாயார் அவரைத் தண்டிக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கூறிவிட்டார். கணிதத்தில் ஆர்வம் கொண்ட ஹாப்பர், 1934ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். அவருடைய உடல் எடை விதிமுறைக்குக் குறைவாக இருந்தது. எனினும், சிறப்பு அனுமதி பெற்று 1943ஆம் ஆண்டு இறுதியில் சேர்ந்தார். மறு ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணினியை இயக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அந்தக் கணினி ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுடையது.

அக்காலத்தில் நன்றாக இயங்கிய நிரல் பகுதிகளை நிரலாளர்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். தேவைப்படும்போது ஒருவருடைய குறிப்பேட்டைப் பார்த்து மற்றவர் நகல் எடுத்தார். நகல் எடுக்கும்போது 'B' என்னும் எழுத்து 13 என மாறிவிடும். இடங்களைக் குறிக்கும் எண்களையும் புதிய நிரலுக்கு ஏற்றவாறு கூட்டி மாற்ற வேண்டும். ஓர் எண் தவறினாலும் விடை தவறாகிவிடும். மனிதர்கள் நகல் எடுப்பதிலும் கூட்டுவதிலும் அடிக்கடி தவறு செய்வதை ஹாப்பர் கவனித்தார். அந்த இரண்டு வேலைகளையும் பிழையின்றிச் செய்யக்கூடிய கணினி எதிரிலேயே இருக்கும்போது, மனிதர் ஏன் அவற்றைச் செய்ய வேண்டும் என்று சிந்தித்தார்.

அந்தச் சிந்தனையின் பயனாக, யூனிவாக் கணினிக்காக 1952ஆம் ஆண்டளவில் ஏ-0 என்னும் கம்பைலரை உருவாக்கினார். நிரலாளர் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால், அது நாடாவில் பதிந்திருந்த நிரல் பகுதியைத் தேடி எடுத்து, உரிய இடத்தில் சேர்த்தது. பலர் இதை நம்ப மறுத்தனர். கணினி கணக்கு மட்டுமே போடும். நிரலை உருவாக்காது என்று வாதிட்டனர். ஹாப்பர் மனம் தளரவில்லை.

அடுத்து, அலுவலகங்களில் பணிபுரிவோருக்குக் குறியீடுகளைவிடச் சொற்களே எளிது என்று உணர்ந்தார். ஆங்கிலச் சொற்களில் கட்டளைகளை ஏற்கும் கம்பைலரைத் தம் குழுவினருடன் உருவாக்க முனைந்தார். கணினிக்கு எந்த மொழியும் வெறும் குறிகளின் வரிசைதான் என்று காட்ட, பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களையும் ஏற்கச் செய்தார். அதைக் கண்டு மேலாளர்கள் திகைத்தார்கள். இம்முயற்சியிலிருந்து ஃபுளோமேட்டிக் மொழி பிறந்தது.

இம்மொழியில் ஒரு புதுமை இருந்தது. செய்ய வேண்டிய கட்டளைகள் ஒரு பகுதியிலும், தரவுகளைப் பற்றிய அறிவிப்புகள் தனிப் பகுதியிலும் அமைந்தன. இத்தகைய அறிவிப்புகளைக் கம்பைலர் எப்படிப் பயன்படுத்துகிறது? ஊழியர் என்னும் பதிவின்கீழ், பெயருக்கு 20 எழுத்துகள், சம்பளத்திற்கு 6 இலக்கங்கள் என்று அறிவிப்பதாகக் கொள்வோம். கம்பைலர் அதைப் படித்துத் தனக்குள் ஒரு பட்டியலைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு பெயரும் எவ்வகையைச் சேர்ந்தது, எவ்வளவு இடம் கொள்ளும், எந்தப் பதிவின்கீழ் வரும், எங்கே தொடங்கும் என்பவை அதில் இடம்பெறும். பதிவின் முதல் 20 இடங்கள் பெயருக்கு. 21 முதல் 26 வரை சம்பளத்திற்கு. பின்னர், கட்டளையில் சம்பளம் என்னும் சொல் வந்ததும், கம்பைலர் பட்டியலைப் பார்த்து உரிய இடத்தைக் கண்டறிகிறது. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால், அது பிழை என்று சுட்டிக்காட்டுகிறது. வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து மாணவரை அடையாளம் காண்பதைப் போன்றது இது.

1959ஆம் ஆண்டு, பல நிறுவனங்களின் கணினிகளுக்கும் பொதுவான ஒரு மொழியை உருவாக்க வல்லுநர்கள் ஒன்றுகூடினர். அதற்கு ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். அவ்வாறு உருவான கோபால் மொழி, ஃபுளோமேட்டிக்கின் கருத்துகளைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. தரவு அறிவிப்புகளுக்கெனத் தனிப் பிரிவையும் கொண்டிருந்தது. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அதனைப் பல ஆண்டுகள் பயன்படுத்தின.

1966ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற ஹாப்பரைக் கடற்படை மறு ஆண்டே திரும்ப அழைத்தது. 1986ஆம் ஆண்டு, தமது 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் தகுதியுடன் அவர் ஓய்வுபெற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார். ஒரு வேலையை வழக்கமாக இப்படித்தான் செய்கிறோம் என்பதை அவர் போதுமான காரணமாக ஏற்றதில்லை. அதனால்தான், எண்களை மட்டுமே அறிந்திருந்த கணினி சொற்களையும் கற்றுக்கொண்டது.