மேரி க்யூரியின் எக்ஸ்ரே வண்டி

மேரி க்யூரின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரேடியம், ரெண்டு நோபல் பரிசு, கதிர்வீச்சாலேயே இறந்துபோனவர். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் போன பிறகுதான், அவர் எக்ஸ்ரே எடுத்த கதையைத் தேடிப் படித்தேன்.

1867-ல் வார்சாவில் பிறந்து, பாரிஸில் படித்து, 1903-லும் 1911-லும் நோபல் வாங்கியது வரை நம்ம பாடப்புத்தகத்திலேயே இருக்கு. அதைத் தாண்டி 1914-க்கு வாங்க. முதல் உலகப் போர். குண்டு பாய்ந்த சிப்பாய்கள் போர்முனை ஆஸ்பத்திரிகளில் குவிகிறார்கள். குண்டு உடம்பில் எங்கே இருக்குன்னு பார்க்க அங்கே எக்ஸ்ரே கருவி இல்லை, கரண்டும் இல்லை. மேரி என்ன செய்தார் தெரியுமா? கார்களை நன்கொடையாகக் கேட்டு வாங்கினார். கார் இன்ஜினாலேயே ஓடும் டைனமோ, ஒரு எக்ஸ்ரே குழாய், ஒரு திரை. நடமாடும் எக்ஸ்ரே ரூம் ரெடி! இப்படிச் சுமார் 20 வண்டிகள், அது போக ஆஸ்பத்திரிகளில் 200 எக்ஸ்ரே அறைகள். உடற்கூறியல் படித்தார், டிரைவிங் கற்று 1916-ல் லைசென்ஸும் வாங்கினார். சுமார் 150 பெண்களுக்கு இந்த வேலையில் பயிற்சி கொடுத்தார். முதலில் உதவிக்குக் கூடவே போனது அவருடைய 17 வயசு மகள் ஐரீன்.

இப்போ அந்த இருட்டறையைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. மேசைக்கு அடியில் குழாய், மேலே சிப்பாய், அவனுக்கு மேல் ஒளிரும் திரை. நிழலைப் பார்த்துக் குண்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை குழாய் அணையாது. சில நேரம் அறுவை சிகிச்சையே திரையைப் பார்த்துக்கொண்டு நடக்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பாதுகாப்பு என்று இருந்தது கையுறையும் சின்ன உலோகத் தடுப்பும்தான். ஆபத்து தெரியாத காலமும் இல்லை. எடிசனிடம் எக்ஸ்ரே வேலை பார்த்த க்ளாரன்ஸ் டாலி, ரெண்டு கையையும் இழந்து 1904-லேயே இறந்துவிட்டார்.

போருக்குப் பிறகு மேரி தன் ரேடியம் நிலையத்தில் விதிகள் வைத்தார். ரேடியக் குழாயை வெறும் கையால் தொடக்கூடாது, ஈயத் தடுப்பு வேணும், ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போகணும். மத்தவங்களுக்கு ரொம்பக் கண்டிப்பு. தனக்கு மட்டும் விலக்கு!

இங்கேதான் எனக்கு இன்டர்ன்ஷிப் ஞாபகம் வந்தது. அங்கே எக்ஸ்ரே டெக்னீஷியன் அண்ணனின் டிஎல்டி பேட்ஜ் மேசை டிராயரில் கிடந்தது. கேட்டதுக்கு, இத்தனை வருஷமா தனக்கு ஒண்ணும் ஆகலையே என்று சிரித்தார். அந்த பேட்ஜ் கதிரைத் தடுக்காது, எவ்வளவு பட்டது என்று கணக்கு வைக்கும், அவ்வளவுதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை லேபுக்குப் போய்ச் சூடாக்கினால், அதிலிருந்து வரும் ஒளியை அளந்து டோஸ் சொல்வார்கள். டிராயரில் கிடந்தால் டிராயர் வாங்கின டோஸைத்தான் சொல்லும்! அவர் ரிப்போர்ட் எப்பவும் நார்மல்தான் என்பது எனக்குச் சிரிப்பாக இல்லை.

மேரிக்கும் ரொம்ப வருஷம் பெரிசா ஒண்ணும் ஆகாத மாதிரிதான் தெரிந்தது. கண்புரை, விரல் நுனிகளில் புண், அசதி. கடைசியில் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது. 1934 ஜூலை 4-ல் 66 வயதில் இறந்தார்.

ரேடியம்தான் காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். 1995-ல் அவர் உடலை பாரிஸ் பாந்தியனுக்கு மாற்றும்போது, சவப்பெட்டிக்குள் கதிர்வீச்சை அளந்தார்கள். எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கம்மி. அளந்த பிரெஞ்சு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம், ரேடியத்தைவிடப் போர்க்காலத்தில் பட்ட எக்ஸ்ரேதான் நோய்க்குக் காரணமாக இருக்கும் என்று முடிவுக்கு வந்தது. ரேடியம் உடம்புக்குள் தங்கும், பிறகும் அளக்கலாம். எக்ஸ்ரே அப்படியில்லை, தடயமே விடாமல் கடந்து போய்விடும். அன்றைக்கே அளந்தால்தான் உண்டு. மேரியின் சட்டையில் அளக்க எதுவும் குத்தியிருக்கவில்லை.

ஐரீன் பிறகு தானும் நோபல் வாங்கினார், தானும் ரேடியத்தோடும் பொலோனியத்தோடும் வேலை பார்த்தார். 1956-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 58.